நாலு நாளில் கண்ட நகரம்

சிங்கப்பூரைப் பற்றித் தமிழில் பயணக் கட்டுரை எழுதுவதற்குச் சிங்கப்பூர் போகவேண்டிய அவசியமே இல்லை. ஏளனத்துக்காக இதைச் சொல்லவில்லை. கருத்தரங்க அழைப்பிலும் இலக்கிய விழா அழைப்பிலும், மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகவும் அங்கே போய்வந்த எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் எழுதிய கட்டுரைகளில் இருபது இருபத்தைந்தையாவது பொறுமையாகப் படித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவர்களில் தொடங்குவார்கள். குடிநுழைவு அதிகாரியின் புன்னகைக்கு ஒரு பத்தி. அறிவிப்புப் பலகையில் தமிழைக் கண்டதும் உடல் சிலிர்க்கும். எச்சில் துப்பினால் அபராதம், 1992 முதல் சூயிங்கம் விற்கத் தடை என்ற இரண்டு செய்திகளும் தவறாமல் இடம்பெறும். ரயில் சொன்ன நேரத்துக்கு வரும். மெர்லயன் சிலையின் முன் ஒரு நிழற்படம். தேக்கா சந்தையில் முருங்கைக்காய் கிடைப்பதில் ஒரு வியப்பு. சிராங்கூன் சாலையில் இட்லி தின்றதும் ஊர் நினைவு. கடைசிப் பத்தியில் விமானம் மதுரையிலோ திருச்சியிலோ தரையிறங்கும்போது, நம் ஊர் இப்படி ஆவது எப்போது என்றொரு பெருமூச்சு.

இவற்றில் பொய் ஒன்றுமில்லை. எல்லாம் உள்ளதுதான். என் தகராறு, இந்தக் கட்டுரைகள் தம் தலைப்பிலும் முன்னுரையிலும் தாராளமாகப் பயன்படுத்தும் ஒரு சொல்லோடு. அந்நகரத்தின் 'அன்றாட வாழ்க்கை'யைக் கண்டுவந்ததாக இவை சொல்லிக்கொள்கின்றன.

அன்றாடம் என்ற சொல் நம் மொழியில் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அன்றாடங்காய்ச்சி. அன்று உழைத்து, அன்று வாங்கியதை அன்றே உலையில் போடுகிறவன். தமிழ் அந்தச் சொல்லை அடுப்போடும் கூலியோடும்தான் கட்டிவைத்திருக்கிறது. விடுதி அறையில் எழுந்து, காலைச் சிற்றுண்டிக் கூப்பனைக் கொடுத்து, அழைத்தவர் அனுப்பிய வாகனத்தில் ஏறி ஊர் பார்ப்பவர் கண்டது விருந்தாளியின் நாள். ஊரின் நாள் வேறு எங்கோ, வேறு நேரத்தில் தொடங்கியிருக்கும். விருந்தாளியின் நாளை எழுதுவது குற்றமில்லை. அதற்கு அன்றாடம் என்று பெயர் சூட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இவ்வளவு கடுமையாக இப்போது எழுதக் காரணம், அப்படிப்பட்ட கட்டுரைகளில் ஒன்றை எழுதியவன் நான். 2017-இல் நான்கு நாள் கருத்தரங்கு ஒன்றுக்காகச் சிங்கப்பூர் போனேன். திரும்பி வந்ததும் ஒரு சிற்றிதழில் நான்கு பக்கம் எழுதினேன். நன்றாயிருக்கிறது என்று பலர் தொலைபேசியில் சொன்னார்கள். கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தை அந்நகரத்து ரயில் நிலையத்தோடு ஒப்பிட்டு நான் எழுதியிருந்த நையாண்டி வரிகளை ஒரு நண்பர் மேடையிலேயே வாசித்தார். இந்த ஆண்டு, நான் பணிபுரியும் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில், பகுதி ஒன்று தமிழுக்கான உரைநடைத் தொகுப்பில் அந்தக் கட்டுரையைச் சேர்க்கலாம் என்று சக பேராசிரியர் ஒருவர் முன்மொழிந்தார். நான் வேண்டாம் என்றேன். அடக்கத்தால் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அடக்கமல்ல, வெட்கம். அந்த வெட்கத்தின் கதையை அங்கே முழுதாகச் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. சித்தி மகன் ஒருவன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், 2012-இல் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போனான். மூன்று குறுக்கம் கரிசலை ஒத்திக்கு வைத்துத்தான் ஏஜெண்டுக்குப் பணம் கட்டினார்கள். போகுமுன் சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் தங்கி 'டெஸ்ட் அடித்தான்'. அங்கே போகிற பையன்கள் அத்தனை பேரும் சொல்லும் சொல் அது. கம்பி கட்டவும் பலகை அடைக்கவும் தெரியும் என்று சான்றிதழ் வாங்குவதற்கான தேர்வு. நான் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து என்னைப் பார்த்தான். வெயிலில் நின்று நாற்பது நிமிடம் பேசினோம். எனக்கு ஒரு சட்டை வாங்கித் தந்தான். சித்திக்கு என்று கோடாரித் தைலமும் பால்மாவும் ஒரு பையில் கொடுத்தனுப்பினான். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் முதலில் கிளம்பினேன்.

என் கட்டுரையில் அவன் எங்கே வருகிறான்? 'நம் மண்ணின் இளைஞர்கள் பலர் இந்நகரில் உழைத்து முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள்' என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதுதான் அவன். மெர்லயனுக்குப் பதினொரு வரி. இப்போது எண்ணிப் பார்த்தேன்.

2023-இல் அவன் ஊரோடு திரும்பி வந்துவிட்டான். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கோடையில் பல இரவுகள் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தபடி பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் தானாகவே சொன்னான்: "அண்ணே, நீங்க எழுதுனத ரூம்ல வச்சுப் படிச்சேன். போன்ல அனுப்பியிருந்தாங்க. நல்லாத்தாண்ணே இருந்துச்சு. ஆனா அந்த ஊருக்கு நான் போனதே இல்லயே."

அவன் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னான். பதினோரு ஆண்டு அவன் வாழ்ந்த நகரத்தில், நான் வரைந்த நகரம் அவனுக்குத் தட்டுப்படவில்லை.

அவன் சொன்ன நகரத்தை என்னால் இயன்ற அளவு இங்கே தருகிறேன். விடியல் நாலரைக்குத் தொடங்கும் நகரம் அது. பன்னிரண்டு பேர் படுக்கும் அறை, இரண்டடுக்குக் கட்டில், கழிப்பறை வாசலில் வரிசை. சாப்பாடு பொட்டலமாக வரும். காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து ரப்பர் போட்டு விடியுமுன்னே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதிகாலை கட்டிய சோற்றை வேலையிடத்தில் நண்பகலில் பிரித்தால் ஊசிப்போயிருக்கும். "நம்ம வீட்ல கம்மங்கூழு புளிச்சாத்தாண்ணே ருசி. அந்தப் புளிப்பு வேற, இந்தப் புளிப்பு வேற" என்றான். புளிப்பில் இருவகை உண்டு என்பதைக் கரிசல்காட்டுக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆறு மணிக்கு லாரி. பயணிகள் வண்டியல்ல, சாமான் ஏற்றும் லாரியின் பின்தட்டு. கருவிகளோடு ஆட்களும் அதில் உட்கார்ந்து போகலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நின்றிருந்த டிப்பர் வண்டியில் அப்படியொரு லாரி மோதி 2021 ஏப்ரலில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒருவர் வங்கதேசத்தவர், ஒருவர் இந்தியர். பின்தட்டில் ஆட்களை ஏற்றும் வழக்கத்தைப் பற்றி அங்கே பாராளுமன்றம்வரை விவாதம் நடந்தது. நம் பயணக் கட்டுரைகளில் ஒழுங்கான போக்குவரத்து என்ற தலைப்பின்கீழ் இந்த லாரிகளை நான் பார்த்ததில்லை. என் கட்டுரையிலும் இல்லை. சாலையில் என் வாகனத்துக்குப் பக்கத்தில் அவை போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

அவன் அந்நகரத்தைக் கட்டடங்களால் அறிவான். ஒரு மருத்துவமனையின் எட்டாவது தளம், ஒரு பள்ளியின் கூரை, ஒரு பாதாள ரயில் நிலையத்தின் சுவர் என்று விரல்விட்டு எண்ணுகிறான். அவற்றில் எதற்குள்ளும், வேலை முடிந்து திறந்தபிறகு, அவன் நுழைந்ததில்லை. விருந்தாளி கட்டடத்தின் முகத்தைப் பார்க்கிறார். அவன் அதன் வயிற்றைப் பார்த்தவன்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைத்தது மண்ணைப் பற்றி அவன் சொன்னது. அடித்தளம் தோண்டும் வேலையில் மூன்று ஆண்டு இருந்திருக்கிறான். சில இடங்களில் செம்மண் வரும் என்றான். கடலோரம் போகப்போக, சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் களிமண், தோண்டத் தோண்டக் களிமண். "நம்ம கரிசல் மழையில அப்புற மாதிரியே பூட்ஸ்ல அப்பும்ணே. தூக்கி வச்ச கால எடுக்க முடியாது. மொத மழைக்கு நம்ம காட்டுக்குள்ள போன மாதிரியே இருக்கும். ஆனா ஒரு உளுந்துகூட வெளையாது அதுல." இத்தனை பேர் போய் எழுதியிருக்கிறோம். அந்நகரம் எந்த மண்ணின்மேல் நிற்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்ணைத் தொட்டவன் ஒருவன்தான் அதைச் சொன்னான், அதுவும் கேட்டபிறகு.

இதை எழுதும்போது, சிங்கப்பூரைத் தூற்றுவதற்கான இன்னொரு கட்டுரை என்று யாராவது எண்ணிவிடக்கூடும். தம்பியே அதை ஒப்புக்கொள்ள மாட்டான். "சம்பளம் தேதி தவறாதுண்ணே. இங்க எவன் தர்றான்?" என்பான். வேலையில் விரல் நசுங்கியபோது தைத்துவிட்ட மருத்துவரை இன்னும் நினைவில் வைத்திருக்கிறான். ஒத்தியை மீட்டது அந்தப் பணம்தான். 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து எங்கள் பக்கத்துக் காடுகள் வெறும் தட்டையாக நின்றபோது, அந்த வருடம் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றிருந்தவன் திரும்பாமல் இருந்துவிட்டான். சித்தி வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்நகரத்தின்மீது அவனுக்கு நன்றியும் உண்டு, வருத்தமும் உண்டு. இரண்டும் ஒரே மூச்சில் வெளிவருகின்றன. வியப்பு மட்டுமே உடையவன் எழுதும் கட்டுரை இதற்கு எந்த வகையில் ஈடாகும்?

இந்த வியப்பு எங்கிருந்து வந்தது என்றும் யோசித்திருக்கிறேன். எழுபதுகளில் ஆனந்த விகடனில் மணியன் எழுதிய பயணத் தொடர்கள் வழியாகவும், 1973-இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்', 1979-இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' போன்ற படங்கள் வழியாகவும்தான் எங்களுக்கு முந்தைய தலைமுறை வெளிநாட்டு நகரங்களைப் பார்த்தது. அந்நகரங்கள் அங்கே ஒரு பாட்டுக்கான பின்புலமாக நின்றன. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, சினிமா அதற்குத்தான். ஆனால் தமிழ் முதுகலை படித்து, சங்க இலக்கியத்தில் உரிப்பொருளும் கருப்பொருளும் என்னவென்று முப்பது ஆண்டு பாடம் நடத்துகிறவர்கள்கூட, சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் அந்தப் பாட்டுக் காட்சிக்குள் நுழைந்துவிடுகிறோம். ஒரு நிலத்தைச் சொல்லும்போது அதன் தொழிலையும் உணவையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று நமக்கு இலக்கணமே இருக்கிறது. அதை வகுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

அதிலும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள் இதைச் செய்வது எனக்குச் சகிக்கவில்லை. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. கரிசல்காட்டு மனிதர்கள் புழங்கும் சொற்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி, 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியாக்கித் தந்தவர் கி.ரா. ஒரு மண்ணின் அன்றாடத்தை எழுதுவதற்கு அதன் வேலைச் சொற்களிலிருந்து தொடங்கவேண்டும் என்பதை அவரைவிட யாரும் நமக்குத் தெளிவாகக் காட்டவில்லை. பூமணியின் 'பிறகு'வும் 'வெக்கை'யும் இதே மண்ணில் விளைந்தவை. இந்த மரபுக்கு நேர் வாரிசு என்று மேடைதோறும் சொல்லிக்கொள்ளும் நாம், கடல் தாண்டியதும் மரபை மறந்துவிடுகிறோம். தம்பியிடம் அவன் வேலைச் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன். சைட், பெர்மிட், ஓட்டி, லெவி, கொங்சி. மிகைநேர வேலை 'ஓட்டி' ஆகிவிட்டது. சீனச் சொல்லான கொங்சி, தொழிலாளர் தங்கும் கொட்டகைக்குப் பெயர். தலைமுறைகளாகத் தமிழர் வாயில் புழங்கும் இந்தச் சொற்களில் எத்தனை நம் பயணக் கட்டுரைகளில் ஏறியிருக்கின்றன?

மூன்று நாள் விருந்தாளி எழுதினால் எப்படியிருக்கும் என்பது மற்றவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும். நம்மை அப்படி எழுதியிருக்கிறார்கள். எண்பதுகளில் சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் டெல்லியிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்க. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-இல். வந்தவர்கள் எழுதியதால் நன்மை விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்தவள் என் சித்தி. ஒன்பது வயதில், விடியற்காலை நாலு மணிக்கு ஊர்மந்தையில் வந்து நிற்கும் கம்பெனி வண்டியில் தூங்கி வழிந்தபடி ஏறிப் போனவள். அவள் சொல்வாள்: "போட்டா எடுத்தாக. பாவம்னாக. ஒரு கட்டைய எம்புட்டு நேரத்துல அடுக்குவேன்னு ஒருத்தரும் கேக்கல." தன் கைவேகத்தைப் பற்றி இன்றும் அவளுக்குப் பெருமை உண்டு. பரிதாபப்பட வந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. வியப்பும் பரிதாபமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், இரண்டுக்கும் எதிரே இருப்பவரிடம் கேட்க எதுவும் இருப்பதில்லை. ஆகவே, வியப்பை விட்டுவிட்டு இனிமேல் கண்ணீர் எழுதுங்கள் என்று நான் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை.

தாய் விடியற்காலை நாலு மணிக்கு வண்டியேறினாள், மகன் வேறொரு நாட்டில் ஆறு மணிக்கு லாரியேறினான். இதற்கு நடுவில் நாற்பது ஆண்டு ஓடியிருக்கிறது.

பயணம் போகிறவன் இவ்வளவையும் பார்க்க முடியுமா, நாலு நாளில் கண்டதைத்தானே எழுத முடியும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி போலத் தோன்றும். எட்டயபுரத்துக்காரர் ஒருவர், 1882-இல் பிறந்தவர், பிஜித் தீவுக்குப் போனதே இல்லை. 1879-க்கும் 1916-க்கும் இடையில் 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் இருந்த பெண்களின் துயரைப் பாரதி 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டில் எழுதியபோது அவரிடம் பயணச்சீட்டு இல்லை, செய்தித்தாள் இருந்தது, காது இருந்தது. போகாதவரால் முடிந்தது போய்வந்தவர்களால் முடியவில்லையென்றால் குறை நாள்களின் எண்ணிக்கையில் இல்லை.

பயணியாகவே போய், பயணியாகவே எழுதி, இந்தப் பள்ளத்தில் விழாதவர்களும் தமிழில் உண்டு. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940-இல் வந்தது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக்கலை படித்தவர், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர். எவ்வளவு சொல்லியிருக்கலாம் அவர்! ஆனால் சின்னச் சின்ன வாக்கியங்களில், தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, எதிர்ப்பட்ட மனிதர்களை முன்னால் விட்டு எழுதினார். அலங்காரம் கிடையாது. நம் பயணக் கட்டுரைகளில் 'நான்' என்ற சொல்லை எண்ணிவிட்டு அவருடையதையும் எண்ணிப் பாருங்கள். அசோகமித்திரன் 1973-இல் அமெரிக்காவின் அயோவா நகரத்தில் எழுத்தாளர் முகாமில் தங்கிய மாதங்கள் 'ஒற்றன்' ஆயின. அது பெருநகரம் அல்லதான். இருந்தாலும் அந்நிய ஊரில் ஒருவன் குளிருக்கும் சாப்பாட்டுக்கும் சகமனிதர்களுக்கும் இடையே தட்டுத்தடுமாறுவதை அவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு நூலை என் மாணவர்களுக்கு நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தடுமாறியதை ஒப்புக்கொண்டார், அதனால் அவருக்கு மற்றவர்களின் தடுமாற்றமும் தெரிந்தது.

சிங்கப்பூரைப் பற்றியே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1893-இல் ரெங்கசாமி தாசன் என்பவர் 'குதிரைப் பந்தய லாவணி' என்றொரு சிறுநூலை அங்கே வெளியிட்டார். குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிற வழியில் காணும் காட்சிகளைச் சொல்லும் பாட்டு. பந்தயத்திடல் அப்போது சிராங்கூன் பகுதியை ஒட்டி இருந்தது. 1933-இல் அது புக்கிட் தீமாவுக்கு இடம் மாறிவிட்டது, ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் அங்கே தங்கிவிட்டது. அதே ரேஸ் கோர்ஸ் சாலையில்தான், லாவணிக்கு 120 ஆண்டு கழித்து, 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். கூட்டம் கொதித்தது. வாகனங்கள் எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரம் காணாத கலவரம் என்றார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நாடு கடத்தப்பட்டனர், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். 2015-இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நான் 2017-இல் தம்பியோடு நின்று பேசிய இடத்திலிருந்து அந்த முனை நடந்து போகும் தொலைவு. என் கட்டுரையில் 'சிராங்கூன் வீதிகளின் மல்லிகை மணம்' என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது.

2020-இல் தொற்று வந்தபோது அந்நகரத்து விடுதிகளின் கதவு பூட்டப்பட்டது. ஏறத்தாழ 3,23,000 பேர் அவற்றில் இருந்தனர். அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததென்று அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசே கணக்குச் சொன்னது. தம்பிக்கும் வந்தது. நான்கு மாதம் அறைக்கும் கழிப்பறைக்கும் இடையில் நடந்தான். தினமும் சித்திக்குப் போன் போட்டு, சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று சொல்வானாம். சன்னலுக்கு வெளியே ஒரு மதில், ஒரு மரம், எதிர்க் கட்டடத்து சன்னல்களில் இவனைப்போலவே நிற்கும் ஆட்கள். என் கட்டுரையை அவன் படித்தது அப்போதுதான்.

உள்ளேயிருந்து எழுதவே முடியாதா என்றால், எழுதியிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் வங்க மொழியில். 2014-இல் அங்கே புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி தொடங்கியபோது முதல் பரிசு பெற்றவர் ஜாகிர் ஹுசைன் கோகன். மறுவருடமும் அவருக்கே. கட்டடத் தொழிலாளியான ஷரீஃப் உத்தீனின் நாட்குறிப்பு 2017-இல் ஆங்கிலத்தில் நூலாகி, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் புத்தக விருதுகளில் சிறந்த அ-புனைவுக்கான பரிசைப் பெற்றது. தமிழ்த் தொழிலாளர்களும் கவிதை எழுதி அதே மேடைகளில் வாசித்தார்கள்தான். ஆனால் அவர்களைத் தேடிப்போய் வாசித்த சிற்றிதழ் நம்மிடம் எது? எழுதுவதன் விலையையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது ஆண்டு அங்கே உழைத்த கோகனின் பணி அனுமதி 2022-இல் புதுப்பிக்கப்படவில்லை. தொழிலாளர் நிலை குறித்து அவர் முகநூலில் இட்ட பதிவு ஒன்றை அதற்குக் காரணமாக அரசு காட்டியது. இழப்பதற்கு உள்ளவர்கள் எழுதினார்கள். திரும்பிவரப் பயணச்சீட்டும் மாதச் சம்பளமும் உள்ள நாம் முருங்கைக்காய் விலையை எழுதினோம்.

விமான நிலையத்துத் தமிழ்ப் பலகையைக் கண்டு சிலிர்ப்பதைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். எனக்கும் சிலிர்த்தது. ஆனால் அந்நகரத்தில் தமிழ் எழுதப்பட்டிருக்கும் வேறோர் இடம் கட்டட வேலையிடங்களைச் சுற்றிய தகர வேலி. அபாயம் என்று நான்கு மொழிகளில் எழுதி வைத்திருப்பார்கள், அதில் ஒன்று தமிழ். நாலு நாளில் அந்தப் பலகைகளை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அங்கே ஏன் தமிழ் இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பாடத்திட்டக் குழுவில் இவற்றில் பாதியைத்தான் சொன்னேன். முன்மொழிந்தவர் நல்லவர், எனக்குப் பல ஆண்டு நண்பர். "பையன்கள் ஆசையாகப் படிப்பார்களே, ஐந்து மதிப்பெண் வினாவுக்கும் தோதாக இருக்கிறதே" என்றார். எங்கள் வகுப்பில் உட்காரும் பையன்களில் பாதிப்பேருக்கு அண்ணனோ மாமாவோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள், அவர்களிடம் போய் மெர்லயனை மனப்பாடம் செய்யச் சொல்வதா என்றேன். சரி, அதற்குப் பதிலாக எதை வைப்பது என்று கேட்டார்கள். தம்பி சொன்னவற்றைப் பதினேழு பக்கமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன், எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, பேச்சு வழக்கில் இருக்கிறதே, பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளாது என்றார்கள். கி.ராவின் கதை பேச்சு வழக்கில்தானே பாடத்தில் இருக்கிறது என்றேன். அவர் கி.ரா., இவர் யார் என்றார் ஒருவர். அடுத்த கூட்டம் ஆவணியில். அதற்குள் அந்த இரண்டு எழுத்துத் தகுதியை எங்கிருந்து வாங்குவது என்று தம்பியிடம் கேட்டேன். "எனக்கு லோடு இருக்குண்ணே, சாயங்காலம் பேசுவோம்" என்று கிளம்பிவிட்டான்.